ஜாமீன் கையெழுத்து

நாகர்கோவிலைச் சுற்றி நாலு சென்ட் நிலம் வைத்திருப்பவர் சொல்லுக்கு ஊரில் ஒரு கனம் உண்டு. வங்கிக் கடனோ, நீதிமன்ற ஜாமீனோ, கல்யாணப் பேச்சோ, எதுவானாலும் எந்த இடத்தில், எத்தனை சென்ட் என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கனம் திருவனந்தபுரம் விமான நிலையத்தைத் தாண்டாது என்பது அண்ணன் மகள் லண்டனுக்குப் படிக்கப் போன பிறகே எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

அவளை அனுப்பியதே நிலம்தான். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். புத்தேரியில் இருந்த நிலத்துக்கு அண்ணன் பட்டா எடுத்தார், 30 வருட வில்லங்கம் போட்டார், தீர்வை ரசீதைத் தேடி எடுத்தார். வங்கி வக்கீல் மூலப்பத்திரம் முதல் ஒவ்வொரு கைமாற்றமாகப் பார்த்தார். கடைசியில் அசல் பத்திரம் வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் போனது. இப்படித் தனி ஆள் ஒருவர் தன் பெயரிலுள்ள நிலத்தைத் தன் பிள்ளைக்காக ஈடு வைப்பதுகூட இந்த மண்ணில் ரொம்பப் பழைய வழக்கமில்லை. சொத்து தாய்வழியில் இறங்கும் மருமக்கள் வழி நடந்த குடும்பங்களில் மூத்த தாய்மாமனான காரணவர்தான் அதை ஆண்டார். பெற்ற பிள்ளைக்கு உரிமை குறைவு. திருவிதாங்கூர் அரசு 1926-ல் நாஞ்சில்நாட்டு வெள்ளாளருக்குச் சட்டம் கொண்டுவந்த பிறகே தகப்பன் சொத்து பிள்ளைக்கு என்பது அங்கே நிலைபெற்றது. அப்படிக் கைக்கு வந்த நிலத்தை மகள் படிப்புக்கு வைத்ததில் அண்ணனுக்கு ஒரு நிறைவு இருந்தது.

லண்டன் போய் அவள் மூன்று தோழிகளோடு ஒரு வீடு பார்த்தாள். வீட்டுத் தரகர் ஜாமீன் ஆள் கேட்டார். “சித்தப்பா, அப்பாக்க பத்திரத்தப் பாக்கவே மாட்டேங்காங்க. இங்கயே சொந்த வீடு உள்ள ஆளு கையெழுத்துப் போடணுமாம்” என்றாள்.

அதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை. வாடகை நின்றுபோனால் வீட்டுக்காரர் உள்ளூர் நீதிமன்றத்துக்குத்தான் போவார். அங்கே தீர்ப்பு வாங்கினால் ஜாமீன்தாரரின் வீட்டின்மேல் பாரம் ஏற்றலாம். மூன்று மாத வாடகைக்காகப் புத்தேரி வயலைத் தேடி யார் வருவார்? அதனால்தான் உள்ளூரில் குடியிருக்க வேண்டும், வீடு இருக்க வேண்டும், ஆண்டு வருமானம் மாத வாடகையைப்போல் 30 மடங்கோ 36 மடங்கோ இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆள் இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டு என்பது அன்றைய வழி. கல்விக் கடனில் வந்தவளால் அது முடியாது. இங்கிலாந்தில் 2025-ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் கதவைச் சாத்தினால் ஜாமீன் கேட்கும் கதவில் கூட்டம் கூடும்.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் இருக்கிறான், தக்கலைப் பக்கத்துக்காரன், சொந்த வீடு உண்டு. கேட்டேன். வாடகை எவ்வளவு, எத்தனை பேர், எத்தனை மாதம் என்று விசாரித்தான். ஒப்பந்த நகலை அனுப்பச் சொன்னான். இரண்டு நாள் எடுத்துப் படித்தான்.

அண்ணனுக்கு மனசு நொந்தது. “நம்ம புள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போட இத்தன கேள்வியாடே?” என்றார். நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பாசத்தின் அடையாளமாக நாம் வைத்திருப்பதால் அழிந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. சீட்டுக்கும் கைமாற்றுக்கும் ஜாமீன் நின்று வீட்டை விற்றவர்களை ஒவ்வொரு தெருவும் பார்த்திருக்கிறது. கேள்வி கேட்டவன்தான் பொறுப்போடு நிற்கப் போகிறவன்.

அவன் படித்ததில் விஷயம் இருந்தது. நாலு பேரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் முகம்தெரியாத ஒருத்தி பாதியில் கிளம்பிப் போனாலும் அவள் பங்கு இவன் தலையில் விழும். வாடகை ஏறினாலும், காலம் நீண்டாலும் ஜாமீன் தொடரும் என்று இன்னொரு வரி. அவன் மூன்று திருத்தம் கேட்டான்: அண்ணன் மகளின் பங்குக்கு மட்டும் பொறுப்பு, அதற்கும் ஓர் உச்சத் தொகை, வாடகையோ காலமோ மாறினால் புதுக் கையெழுத்து. முதலாவதையும் மூன்றாவதையும் தரகர் ஒத்துக்கொண்டார். உச்சத் தொகைக்கு மட்டும் மசியவில்லை.

அதைத்தான் ஜப்பான் சட்டமாகவே வைத்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அங்கே வாடகைக்குத் தனிமனிதர் ஜாமீன் நின்றால் உச்சத் தொகை எழுதாத பத்திரம் செல்லாது. நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வேறெதுவும் எழுதாவிட்டால் கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பு முழுவதையும் ஜாமீன்தாரர்மேலும் வைக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பின் வரும் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் செய்கிறது. கையெழுத்துப் போடுகிறவரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 2016-ல் ‘விசால்’ என்ற பெயரில் இளைஞருக்கு இலவசமாக ஜாமீன் நிற்கும் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டு மாணவர்களும் அதில் சேரலாம். பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் தம் மாணவருக்குத் தாமே ஜாமீன் நிற்கின்றன. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் எல்லாப் பல்கலைக்கழகமும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே பெற்றோர் அதைக் கேட்டு எழுத வேண்டும். ஈஸ்ட் ஹாமில் சிநேகிதன் இல்லாத தகப்பன் என்ன செய்வார்?

அவன் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டான். அண்ணன் அதோடு விடவில்லை. முத்திரைத்தாள் வாங்கி, ஜாமீனால் அவன் ஒரு ரூபாய் கட்ட நேர்ந்தாலும் தாம் திருப்பித் தருவதாக எழுதி எனக்கு முன்னால் கையொப்பமிட்டார். “இதெல்லாம் எதுக்குண்ணே?” என்று போனில் அவன் தயங்கினான். வாங்கிவைத்துக்கொள் என்று நான்தான் வற்புறுத்தினேன். கேள்வி கேட்டதற்கு நொந்தவர், அவன் கேட்காததையும் தாமே எழுதிக் கொடுத்தார். அண்ணன்மேல் எனக்கு மரியாதை கூடியது.