விலாங்கின் வாயும் மனிதரின் வாசிப்பும்

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பது தமிழில் வழங்கும் பழமொழி. இருதரப்பாருக்கும் வேண்டியவராக நடிப்பவரைச் சுட்ட அது பயன்படுகிறது. உயிர்வாழ்வதற்கான உடலமைப்பை மனிதர் வஞ்சகமாக வாசித்ததன் விளைவு அது. பழமொழியின் விலாங்கு குளத்திலும் ஆற்றிலும் வாழ்வது. அதன் கடல் உறவினமான அஞ்சாலையை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பேணுவோர் இந்திய நகரங்களில் இன்று உள்ளனர். அங்கும் இந்தத் தவறான வாசிப்பு தொடர்கிறது. அங்கே அதற்கு விலை கொடுப்பது மீன்.

பாறையிடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டி, கூரிய பற்கள் தெரிய வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பது அஞ்சாலையின் இயல்பு. காண்போர் அதைச் சினம் என்பர். உண்மையில் அது மூச்சு. அதன் செவுள் துளைகள் சிறியவை. வாயை அசைத்தே நீரைச் செவுள்களின் வழியே செலுத்த வேண்டும். பகலெல்லாம் மறைந்திருப்பதைச் சோர்வு என்று கருதிப் பாறைகளை விலக்கி அதை வெளிக்கொணர முயல்வோரும் உண்டு. ஒளிவிடம் இழந்த அஞ்சாலை அமைதி இழக்கும், உணவையும் மறுக்கும். உடல் முழுவதும் நுழையுமளவு நீண்ட பிவிசி குழாய் ஒன்றைப் பாறைகளுக்கு அடியில் வைத்தாலே அதற்குப் போதுமான வளை கிடைத்துவிடும். பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுபவை என்பதால், கடலிலிருந்து பவளப்பாறையை எடுத்துவந்து அடுக்குவதும் முறையன்று. சுட்ட மண்ணிலோ சிமெண்டிலோ செய்த பாறைகளே போதும்.

தமிழில் ‘வளர்கிறது’ என்பதற்கும் ‘வளர்க்கிறார்’ என்பதற்கும் இடையே நிற்பது ஓர் ஒற்றெழுத்து. முன்னது தானே நிகழ்வது. பின்னது ஒருவர் நிகழ்த்துவது. மீனைப் பொறுத்தவரை மனிதர் உண்மையில் வளர்ப்பது நீரைத்தான். ஐதராபாத்தைப் போலக் கடலுக்குத் தொலைவிலுள்ள ஊரில் கடலையே வீட்டில் ஆக்க வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கலவை என்றால், 250 லிட்டர் தொட்டிக்கு ஒன்பது கிலோவை நெருங்கும். பின்னர் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மீனின்றிக் காத்திருக்க வேண்டும். கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் பெருகுவதற்கான காலம் அது. கோடையில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவை உப்பில்லாத தூய நீரால் ஈடுசெய்ய வேண்டும். மின்சாரம் நின்றால் காற்று செலுத்த மின்கலத்தில் இயங்கும் கருவி ஒன்றும் வேண்டும்.

அஞ்சாலைக்குப் பார்வை மங்கல், மோப்பம் கூர்மை. கணவாய்த் துண்டையோ இறாலையோ நீண்ட இடுக்கியால் வளையருகே நீட்டினால் மணத்தைத் தொடர்ந்து வரும். விரலுக்கும் இரைக்கும் வேறுபாடு காணாது என்பதால் கையால் ஊட்டலாகாது. அதன் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று உள்ளது. முன்தாடை கவ்விய இரையை அது முன்னோக்கி வந்து பற்றி உள்ளே இழுப்பதை ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினர். வாரத்திற்கு இரண்டு, மூன்று முறை உணவிட்டால் போதும். செதிலற்ற உடலாதலால் செம்பு கலந்த மருந்துகள் அதற்குத் தீங்கு செய்யக்கூடும். மூடியில் குழாய்க்கென விட்ட சிறு இடைவெளியும் அதற்கு வாயிலே. இரவில் வெளியேறிய அஞ்சாலை காலையில் தரையில் காய்ந்து கிடப்பது வளர்ப்போர் உலகில் அரிதான செய்தியன்று.

மூன்றாவது வாசிப்பு கடையில் நிகழ்கிறது. நீல உடலும் மஞ்சள் துடுப்பும் கொண்ட ரிப்பன் ஈல், காண்பவர் கண்ணை விட்டு நீங்காது. இளமையில் கரியதாய், பின் நீல ஆணாய், முதிர்ந்து மஞ்சள் நிறப் பெண்ணாய் மாறும் வியப்பும் அதற்குண்டு. ஆனால் சிறைப்பட்டபின் உணவைத் தொடாமலே மெலிந்து இறப்பவை அவ்வினத்தில் பல. ‘பழகிவிடும்’ என்று விற்பவர் சொல்வதை, வாங்குபவர் தம் விருப்பத்தின் குரலாகவே கேட்கிறார். பட்டினி அங்கே பிடிவாதம் என்று பெயர் பெறுகிறது. அதே கடையில் மங்கிய நிறத்தில் கிடக்கும் ஸ்னோஃப்ளேக் ஈல், நண்டு இறாலை உண்டு வாழும் இனம். இறந்த இரையை எளிதில் ஏற்கும். தொட்டி வாழ்வைத் தாங்கும். தொடங்குவோர்க்கு அதுவே ஏற்றது. விற்பவர் முன்னிலையில் அது ஒரு துண்டு கணவாயையாவது உண்பதைக் கண்டபின் வாங்குவது நன்று.

வீடுகளில் உள்ள அஞ்சாலைகள் பெரும்பாலும் கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. பேணினால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். ஸ்னோஃப்ளேக் ஈலே இரண்டடிக்கு மேல் நீளும். பணியிட மாற்றமும் வாடகை வீடும் நிறைந்த நகர வாழ்வில் அது நெடிய காலம். சலித்தபின் கடலில் விட்டுவிடலாம் என்பதும் தீர்வாகாது. தொட்டியின் நோய்கள் அதனோடு கடலுக்குச் செல்லும். ஆகவே அழகைப் பார்த்த அன்றே பணத்தை எடுக்காமல், நீர் ஆயத்தமாகும் அந்த ஆறு வாரங்களையும் தமக்கான அவகாசமாக ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். அதன் முடிவில் வேண்டாம் என்று தோன்றினால், அதுவும் அந்த மீனுக்குச் செய்த பேணுதலே.