தானியங்கி கியரும் ஒரு சிறு கம்பியும்

கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று மிதிக்க வேண்டியவை மூன்று. மிதிக்கும் கால்களோ இரண்டு! கார் ஓட்டப் பழகுவோரை அழவைக்கும் கணக்கு இது. இத்தொல்லையை நீக்க வந்ததே தானியங்கி கியர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில், ‘ஹைட்ரமாட்டிக்’ என்ற பெயரில் அதைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கியர் எப்போது மாற வேண்டும் என்பதை அன்று எண்ணெயின் அழுத்தமே தீர்மானித்தது. இன்றோ அப்பொறுப்பைச் சிறு கணினி ஒன்று ஏற்றிருக்கிறது.

அக்கணினிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. இஞ்சினிலிருந்து வரும் சுழற்சி எவ்வளவு, சக்கரத்துக்குப் போகும் சுழற்சி எவ்வளவு, எண்ணெயின் சூடு எவ்வளவு, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது என்று சென்சார்கள் அனுப்பும் செய்திகளே அதற்கு எல்லாம். அவற்றைக் கேட்டு அது மின்சார வால்வுகளைத் திறந்து மூடும், எண்ணெய் பாயும், கியர் மாறும்.

அச்செய்தி வராமல் நின்றுவிட்டால்? இக்கேள்விக்கு விடையை நாங்கள் வால்பாறை மலைப்பாதையில் கற்றுக்கொண்டோம்.

அத்தை மகளின் திருமணத்துக்காக அப்பா, அம்மா, பாட்டி, அக்கா என வீட்டார் அனைவரும் எங்கள் எஸ்.யூ.வி. காரில் புறப்பட்டோம். ஆழியாற்றைத் தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஆறாவதை ஏறும்போது வண்டி ஒருமுறை குலுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன்பின் மூன்றாம் கியரை விட்டு மாற மறுத்து, முனகிக்கொண்டே ஏறியது. அப்பா அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினார். இஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்து இயக்கியபோது ஒன்றும் நடவாதது போல் ஓடியது. அடுத்த வளைவில் மீண்டும் அதே முனகல்! பாட்டி ஜெபமாலையைக் கையில் எடுத்தார்.

“கீழ் கியர் கிடைக்காமல் மலை இறங்கினால் பிரேக்கையே நம்ப வேண்டும், அது சூடேறினால் ஆபத்து” என்று அப்பா பயணத்தை அங்கேயே நிறுத்தினார். கயிறு கட்டி இழுக்கலாம் என்றனர் சிலர். இஞ்சின் ஓடினால்தான் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். இல்லையேல் உள்ளே தேய்ந்துவிடும் என்று மறுத்து, வண்டியை லாரியில் ஏற்றியே கீழே அனுப்பினார். நாங்கள் பேருந்தில் திருமணத்துக்குச் சென்றோம்.

ஊர் திரும்பியபின் முதலில் காட்டிய பணிமனையில் வண்டியை அரைமணி நேரம்கூடப் பார்க்கவில்லை. “கியர்ப்பெட்டி போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்” என்றனர். அவர்கள் சொன்ன தொகை, அக்காவின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்து வைத்த பணம் முழுவதையும் விழுங்கிவிடும். அன்றிரவு வீட்டில் எவரும் அதிகம் பேசவில்லை. “ஒரு வருடம் காத்திருக்கிறேன், அப்பா” என்றாள் அக்கா.

மறுநாள் தெரிந்தவர் ஒருவர் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். அவர் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்து, “சக்கரத்தின் சுழற்சியைச் சொல்லும் சென்சாரிலிருந்து செய்தி விட்டு விட்டு வருகிறது. பெட்டியைக் குறை சொல்லுமுன் கம்பியைப் பார்ப்போம், சார்” என்றார். வண்டிக்கு அடியில் படுத்து, கம்பியின் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே நீர் புகுந்து, செம்பு முனை பச்சை பூத்துக் கிடந்தது! கனெக்டரை மாற்றி, எண்ணெயையும் சரிபார்த்து ஓட்டிக் காட்டினார். கியர்கள் மென்மையாக மாறின. அக்கா அவ்வாண்டே கல்லூரியில் சேர்ந்தாள்.

வேகம் தெரியாதபோது அந்தக் கணினி தெரிந்ததுபோல் நடிக்கவில்லை. தவறான கியரைப் போட்டுப் பெட்டியை நொறுக்காமல், நொண்டியாவது செல்லட்டும் என்று ஒரே கியரில் நிறுத்தியது. பழுது என்று நாங்கள் எண்ணியது உண்மையில் பாதுகாப்பே அன்றோ!

மனிதரிடமும் நாம் அந்த முதல் பணிமனையைப் போலவே நடந்துகொள்கிறோம். மதிப்பெண் குறைந்த தோழியைப் பார்த்து, “இவளுக்குப் படிப்பு வராது” என்கிறோம். காலையில் பட்டினியாக வந்தாளா, கரும்பலகை அவள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்பதில்லை. முழுப் பெட்டியையும் தூக்கி எறியச் சொல்லுமுன், குனிந்து அந்தச் சிறு கம்பியைத் தேடும் பொறுமையை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!