எவ்வளவு விளைந்தாலும் எடுப்பேன்

அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். தான்சானியாவின் தெற்கே, மசாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2016 டிசம்பர். விதைப்புக்கு ஈரம் கிடைத்திருந்தது. மாமரத்தடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் விருதுநகர்க்காரன். துவரை ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு அங்கே கொள்முதல் பார்த்தேன். துவரையை அங்கே ம்பாஸி என்பார்கள். கடற்கரைப் பக்கம் தேங்காய்ப்பால் விட்டுச் சமைப்பார்கள். ஆனால் விளைவதையெல்லாம் அந்த நாடு தின்று தீர்க்காது. இந்தியாவை விட்டால் பெரிதாக வாங்க ஆளில்லை. 2015 கடைசியில் நம் ஊரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அடுத்த அறுவடையில் நானும் நல்ல விலை கொடுத்தேன். அதற்குப் பிறகு என் வண்டி ஊருக்குள் நுழைந்தாலே நாற்காலி போட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று காலை விருதுநகரிலிருந்து போன் வந்திருந்தது. குல்பர்காவில் துவரை கொட்டுகிறது, விலை இறங்குகிறது, இன்னும் இறங்கும் என்றார் மண்டிக்காரர். அவர் சொன்னது சரிதான். அந்தப் பருவத்தில் இந்திய விளைச்சல் சுமார் 48 லட்சம் டன். முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். "பாஸ், எள்ளை விட்டுவிட்டு இதையே போடலாமா? விலை நிற்குமா?"

"தெரியாது" என்றிருந்தால்கூடப் பொய்தான். எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன்: "போடுங்கள். எவ்வளவு விளைந்தாலும் எடுப்பேன்."

சரக்கு குறைந்தால் என் கமிஷன் குறையும். அது பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த நாற்காலி. கெட்ட செய்தி சொல்பவனுக்கு யார் நாற்காலி போடுவார்கள்?

2017 மார்ச்சில் இந்தியா 10 சதவீத இறக்குமதி வரி போட்டது. பயிர் பச்சையாக நின்றது. அப்போதும் வாய் திறக்கவில்லை. ஆகஸ்ட் 5 அன்று, ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் துவரை வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. மொசாம்பிக்குக்காவது இந்தியாவோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. தான்சானியாவுக்கு அதுவும் இல்லை. மசாசியில் அப்போதுதான் அறுவடை.

போனை அணைத்துவிட்டேன். கோழைத்தனம்தான். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

பெரியவர் என் சொல்லை நம்பிக் கூரைத் தகரம் கடனுக்கு வாங்கியிருந்தார். பாதி வேய்ந்த வீட்டிலிருந்து கடைக்காரர் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். மழைக்கு முன்னால். எள் போட்டிருந்தால் அந்தக் கடனை அடைத்திருப்பார். இதை என் டிரைவர் வந்து சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை.

அரசாங்க உத்தரவுக்கு நான் என்ன செய்வேன் என்று நீங்கள் எனக்காகப் பேசலாம். நானும் பல நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்ததைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

அக்டோபரில் வேறொரு ஆளை அதே ஊருக்கு அனுப்பினேன். என் பெயரைச் சொல்லாதே என்றேன். முந்தைய ஆண்டு விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத விலைக்கு வாங்கச் சொன்னேன். கொடுத்தார்கள். வேறு வழியில்லை அவர்களுக்கு. பெரியவர் கணக்கில் 14 மூட்டை. விலையைக் குறித்தது நான்.

அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் அந்தச் சரக்கு இந்தியாவுக்குப் போயிற்று. லாபத்தில் என் பங்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.