ஆணியில் தொங்கும் பை

நொய்யலில் வெள்ளம் வரும் என்று 2011 வரை எங்கள் லைன் வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைக் கடந்து, எங்கள் திருப்பூர் வழியே கரூர்ப் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிற ஆறு. நாங்கள் கண்டதோ பாலத்துக்கு அடியில் நுரைத்துக் கிடந்த சாயத் தண்ணீரைத்தான். அந்தத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றியிருந்த தோட்டங்களைப் பாழாக்கி, வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. துணிக்குச் சாயம் ஏறாமல் பனியன் கம்பெனிகளில் வேலை குறைந்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள் ஒரு ஷிப்டுக்கே ஏங்கினார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்த சமயம், நவம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு மழை பிடித்துக்கொண்டது.

எங்களை விரட்டியது ஆறு அல்ல, ஓடை. ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் ஊருக்குள்ளேயே ஓடி நொய்யலில் சேர்பவை. கரை எது, வாசல் எது என்று பிரிக்க முடியாதபடி இரு பக்கமும் வீடுகள். வாடகை குறைவு என்பதால் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் அங்கேதான் குடியிருப்போம். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். “அம்மிணி, புள்ளையத் தூக்கிட்டு மேல வாங்க, தண்ணி ஏறுதுங்க.”

மொட்டை மாடியில் நின்றபோதுதான் யார் எதைத் தூக்கி வந்தார்கள் என்று தெரிந்தது. ஒருவர் டிவி. ஒருவர் மிக்சி, ஜார் இல்லாமல். தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கட்டாத புதுச் சேலை ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். இருட்டில், முழங்கால் தண்ணீரில், அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எது முக்கியம் என்று எவராலும் யோசிக்க முடியாது. எனக்கு மட்டும் யோசிக்கும் வேலை இருக்கவில்லை. இடுப்பில் மகன், தோளில் மஞ்சள் பை. அந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். 1992 நவம்பரில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தகரப் பெட்டியை இழுக்கப் போன என்னை அம்மா அதட்டினாள்: “பெட்டிய விடுட்டி, பையத் தூக்கு.” வீட்டு உத்தரத்து ஆணியில் எப்போதும் அந்தப் பை தொங்கும். உள்ளே பட்டா, ரேஷன் கார்டு, நகை அடகுச் சீட்டு, எங்கள் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், ஒரு தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, கருப்பட்டித் துண்டு. ஆற்றங்கரையில் பிறந்தவள். ஆறு எப்படிப்பட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பனியன் கம்பெனி வேலைக்கு ரயில் ஏறியபோது எனக்கென்று ஒரு பை தைத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி எந்த வீட்டுக்குக் குடி போனாலும் கதவுக்குப் பின்னால் முதலில் ஆணி அடிப்பேன்.

2023 டிசம்பரில் அம்மா திரும்பவும் அந்தப் பையோடு வெளியேறினாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போன் போகவில்லை. பேக்கிங் டேபிளில் நின்றபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தோம், தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் எல்லோரும். லைன் கிடைத்தபோது அம்மா சொன்ன முதல் சேதி, பை நனையவில்லை என்பது.

எங்கள் செக்கிங் பிரிவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுக்கச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கைக்குழந்தையோடு அவரும் நடந்திருக்கிறார். அடுத்த வருஷம் கடல் தாண்டி மண்டபம் முகாம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கதவடியில் ஒரு பை ஆயத்தமாக இருக்கும் என்பார்: அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி. “வீடு போனா கட்டலாம் தங்கச்சி. பேர் போனா எங்க போய்க் கேக்கிறது?” என்று ஒரு நாள் கேட்டார். பிசிர் வெட்டிக்கொண்டிருந்த கத்தரியை நான் கீழே வைத்துவிட்டேன்.

அவர் கேட்டதை நான் கண்ணால் பார்த்தது 2011-ல்தான். அந்த வெள்ளத்தில் உயிர்கள் போயின, ஓடைக்கரைக் குடிசைகள் கூட்டங்கூட்டமாகப் போயின. தண்ணீர் வடிந்ததும் கணக்கெடுக்க வந்தவர்கள் முதலில் கேட்டது ரேஷன் கார்டு. சேற்றில் போன கார்டை எப்படிக் காட்டுவது? பலருக்குக் கார்டே சொந்த ஊரில்தான் இருந்தது. மிக்சி போனவர்கள் தவணையில் வேறொன்று வாங்கிவிட்டார்கள். மார்க் ஷீட் போன பெண் அதற்காக மாதக்கணக்கில் அலைந்தாள். 2015-ல் சென்னை மூழ்கியபோது, தொலைந்த சான்றிதழ்களைக் கட்டணமில்லாமல் திரும்பத் தர அரசு தனி முகாம்களே நடத்தியது. நல்ல காரியம். சிறிய ஓடை பெருகும்போதும், ஒரு வரிசை வீடு எரியும்போதும் அதே அக்கறை வேண்டும்.

எரிவதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் திருப்பூர் கல்லூரி சாலை எம்.ஜி.ஆர். நகரில் கேஸ் சிலிண்டர் வெடித்து 42 தகரக் கொட்டகை வீடுகள் சாம்பலாயின. குடியிருந்தவர்கள் வேலைக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். அன்று சாயங்காலம் என் அக்கா மகள் போன் பண்ணினாள். மூன்று வயதில் ஒன்று, நான்கு மாதத்தில் ஒன்று என்று இரண்டு குழந்தைகள் அவளுக்கு. “சித்தி, அந்தப் பையில என்னென்ன வைக்கணும்?” நேரிலேயே போய் உட்கார்ந்தேன்.

முதலில் காகிதங்கள். தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஸ்மார்ட் கார்டு, பாங்க் புத்தகம், ஈ.எஸ்.ஐ. அட்டை. சட்டை மடித்துப் போடும் பாலி பேக் இந்த ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை? ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவரில் போட்டு, வாயை மடித்து ஒட்டினோம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பச் சொன்னேன். டிஜிலாக்கர் உண்டு என்றார் அவள் வீட்டுக்காரர். இருக்கட்டும், ஆனால் போன் சார்ஜ் இல்லாத இரவில் காகிதம்தான் பேசும்.

குழந்தைச் சாமானில்தான் நேரம் போனது. பால் பவுடர் டப்பாவை அவள் எடுத்து வைக்க, நான் வெளியே எடுத்தேன். சின்னது தாய்ப்பால் குடிக்கிறது, அதுவே போதும். கலங்கல் தண்ணீரில் பவுடர் கரைத்தால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அதற்குப் பதில் தாய்க்குச் சாப்பிட ஏதாவது வேண்டும்: பொட்டுக்கடலை, அவல், வெல்லம், தண்ணீர் பாட்டில். பெரியவனுக்கு பிஸ்கட். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர் என்று கவர் மேலேயே பேனாவால் எழுதினோம். காய்ச்சல் மருந்து, டார்ச், சில்லறையாகக் கொஞ்சம் பணம். துணிக்குத் திருப்பூரில் பஞ்சம் உண்டா? செகண்ட்ஸ் பனியன் துணியில் குழந்தைக்கு இரண்டு செட், துடைக்கக் கட்பீஸ். பெரியவன் வீட்டைக் கேட்டு அழுதால் கொடுக்க ஒரு பழைய பொம்மை. அதை எடுத்து வைத்தது அவள்.

கட்டி முடித்ததும் பையை மாட்டிக்கொண்டு, சின்னதை இடுப்பில் வைத்து, பெரியவன் கையைப் பிடித்து மாடிப்படி இறங்கச் சொன்னேன். பாதியில் மூச்சு வாங்கியது. சேலை இரண்டையும் பாத்திரத்தையும் எடுத்துவிட்டோம். பிள்ளைக்காரி தூக்க முடியாத பை எந்த ஆபத்துக்கும் உதவாது.

இறங்கிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத்தந்தது கம்பெனி. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மாண்டார்கள். சுவர் விரிசல் கண்டு முதல் நாளே வெளியே வந்தவர்களை மறுநாள் வேலைக்கு அழைத்திருந்தார்கள். அதன் பிறகு இங்கே ஆடிட் கெடுபிடி கூடியது. தரையில் மஞ்சள் கோடு, வழியில் அட்டைப்பெட்டி வைக்கக்கூடாது, மணி அடித்தால் எல்லோரும் மைதானத்துக்கு. வெளிநாட்டு பையருக்காக வந்தது என்றாலும் உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் அதே தொழிலாளி இரவில் தூங்கப் போகும் லைன் வீட்டில் ஒரே வாசல், அந்த வாசலில் சிலிண்டர், அதன் மேல் மீட்டர் பெட்டி. ஏற்றுமதியில் பல ஆயிரம் கோடி பார்க்கும் ஊர், தன் ஆட்கள் குடியிருக்கும் இடத்துக்கும் ஒரு ஆடிட் வைக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது வாங்கும் ஆதார் நகலைக் கம்பெனிகள் பத்திரமாக வைத்து, கேட்ட நாளில் தந்தால் அதுவே பாதிக் கஷ்டத்தைக் குறைக்கும்.

எங்கள் வரிசையில் இப்போது ஒடிசாக் குடும்பங்கள், பீகார்க் குடும்பங்கள். 2020-ல் ஊரடங்கில் வேலையும் இல்லாமல் ரயிலும் இல்லாமல் அடைந்து கிடந்து, மே மாதம் சிறப்பு ரயில் விட்டபோது பிள்ளைகளோடு ஸ்டேஷனுக்குப் போனவர்கள் அவர்கள். கையில் ஆதார் இருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே போனார்கள். தமிழ் அறிவிப்பு அவர்களுக்குப் புரியாது. வெள்ளம் வந்தால் அவர்கள் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கு முன்பே பையைக் கட்டி, தண்ணீர் எட்டாத உயரத்தில், கதவுப் பக்கம் மாட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டு வடநாட்டுப் பெண்ணுக்கும் ஒன்று கட்டிக்கொடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதை இரண்டு பைகளின் மேலும் பெரிதாக எழுதி வையுங்கள்.