வாயறிந்து ஊட்டல்

அன்பு மிகுந்த வீட்டில் பசியால் இறக்கும் உயிர் அரிது. உணவால் இறக்கும் உயிர் உண்டு. இதனை எங்களுக்கு உணர்த்தியவை நான்கு தங்கமீன்கள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் நாங்கள் குடியேறிப் பதினோராண்டுகள் ஆகின்றன. அலுவலகம் திருவனந்தபுரத்தில், நாள்தோறும் இரயிலில் போய்வரும் வாழ்வு. தெற்கே சிறிது தூரம் சென்றால் களியக்காவிளை; அங்கிருந்து தமிழ்நாடு. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே அமைந்தபோது அகத்தீசுவரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கோடு நிலத்தில்தான் விழுந்தது. இவ்வூர்ப் பெரியவர்களின் நாவில் விழவில்லை. ஒரே மூச்சில் இரு மொழியும் பேசுவர்.

எங்கள் மகளின் ஒன்பதாம் பிறந்த நாளுக்குக் கண்ணாடித் தொட்டியொன்றும் நான்கு தங்கமீன்களும் வாங்கினோம். கடைக்காரர் சிவப்பும் பச்சையுமான உருண்டைத் தீனி ஒரு பொட்டலம் தந்தார். காலையில் அடுக்களைக்குப் போகும் வழியில் எங்களில் ஒருவர் ஒரு பிடி தூவுவோம். பள்ளி விட்டு வந்ததும் மகள் தூவுவாள். இரவில் இரயிலை விட்டு இறங்கி வந்தவர் தம் பங்கைத் தூவுவார். ஒருவர் இட்டதை மற்றவர் அறியார். மீன்களோ, ஆள் நிழல் கண்டபோதெல்லாம் மேலே வந்து வாய் திறந்தன. பசிக்கிறது போலும் என்று இரங்கினோம். மகள் தன் அன்பின் மிகுதியால் ரொட்டித் துணுக்கும் சோற்றுப் பருக்கையும் சேர்த்து இட்டாள். ஐந்தாம் நாள் தொட்டி நீர் கழுநீர் போல் வெளுத்தது. ஒன்பதாம் நாள் விடியலில் நான்கும் வயிறு மேலாக மிதந்தன.

அன்று மகள் உண்ணவில்லை. "நான்தான் கொன்னுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மூவர் கையும் சேர்ந்து செய்த பிழை அது என்று எவ்வளவோ எடுத்துரைத்தோம், தேறவில்லை.

மாலையில் அடுத்த தோட்டத்துப் பெரியவர் வந்தார். எண்பதைக் கடந்தவர், எல்லை பிரிந்தபோது பள்ளிச் சிறுவனாக இருந்தவர். மகள் அவரைப் பாட்டா என்றே அழைப்பாள். வெறுந்தொட்டியைப் பார்த்தார், பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார், பிறகு மகளிடம், "மக்களே, மீனுக்க வாயப் பாத்தியா?" என்று கேட்டார். அவள் விழித்தாள். "வாயப் பாத்துட்டுதான் தீனி போடணும். வா, காட்டித் தாறேன்" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். நாங்களும் பின்தொடர்ந்தோம்.

அவர் தோட்டத்துக் குளத்தில் நீர்மட்டத்தை ஒட்டியே சிறு மீன்கள் நின்றன. ஒவ்வொன்றின் தலைமேலும் வெள்ளிப்பொட்டு ஒன்று மின்னியது. மானத்துக்கண்ணி என்பது அதன் பெயர். மானம் என்றால் வானம். இரு மொழியாருக்கும் பொதுவான சொல். அதன் வாய் மேல்நோக்கித் திறப்பது. நீரில் விழும் பூச்சியும் மேலே மிதக்கும் கொசுப்புழுவும் அதற்கு உணவு. நடுநீரில் மஞ்சள் நிறப் பள்ளத்திகள் உலவின. அவற்றின் வாய் முகத்துக்கு நேரே உள்ளது. சிறு புழுவும் பூச்சியும் பாசியும் உண்பவை. படிக்கல்லின் பாசியைக் கரிமீன்கள் சுரண்டிக்கொண்டிருந்தன. கேரள அரசு 2010-ஆம் ஆண்டில் மாநில மீனாக அறிவித்தது இதனைத்தான். பெரும்பாலும் பாசியும் நீர்ச்செடியுமே இதற்கு உணவு. ஒரே குளம், மூன்று வாய், மூன்று உணவு. ஒரே பொட்டலத்தை எல்லா மீனுக்கும் பொது என்று நம்பிய எங்கள் பேதைமை அன்று விளங்கிற்று.

பின்னர் நூல்களைத் தேடிப் படித்தோம். மேல்வாய் மீனுக்கு மிதக்கும் தீனியும், நேர்வாய் மீனுக்கு மெல்ல அமிழும் தீனியும், தரையில் மேயும் கெளுத்தி வகைகளுக்கு அடியில் போய்த் தங்கும் தீனியும் வேண்டும். வாய்க்கு அடுத்தபடி குடலைக் கருத வேண்டும். செடியுண்ணும் மீனுக்குக் குடல் நீளம். ஊனுண்ணும் மீனுக்குக் குறுக்கம். சண்டைமீன் ஊனுண்ணி, புழு, பூச்சி வகையான உணவின்றி அது செழிக்காது. தங்கமீன் கெண்டைக் குடும்பத்தது; அதற்கு இரைப்பையே இல்லை! சிறிது சிறிதாக உண்ணவே பிறந்தது. தோல் நீக்கி வேகவைத்த பட்டாணி போன்ற மரக்கறியும் அதற்கு வேண்டும். அது வாய் திறப்பது பசியின் அடையாளமன்று. தீனி தருபவரைக் கண்டறிந்துகொண்ட பழக்கம்.

உண்ணாது எஞ்சியது அழுகி அம்மோனியாவாகிறது. மீனின் கழிவும் அதுவே. அது செவுளைத் தீய்க்கும். பழகிய தொட்டியில் நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அவை நிலைபெற வாரங்கள் பல ஆகும். எங்கள் தொட்டியின் வயதோ ஒன்பதே நாள்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. குளத்துப் பாசியும் சிறிது மணலும் இட்டு ஆறு வாரம் காத்திருந்தோம். அதன்பின் பாட்டா தந்த பள்ளத்தி இரண்டையும் மானத்துக்கண்ணி நான்கையும் விட்டோம். ஊட்டும் பொறுப்பு மகளுக்கு மட்டும். ஊட்டியதும் நாட்காட்டியில் ஒரு கோடு இடுவாள். நாளுக்கு இருவேளை, இரண்டு நிமிடத்தில் உண்டு தீரும் அளவு, எஞ்சியதை வலையால் எடுத்துவிட வேண்டும், வாரத்தில் ஒருநாள் பட்டினி. தீனிப் பொட்டலம் சிறியதாக வாங்குகிறோம், தேதி பார்க்கிறோம், மூடி இறுக்குகிறோம். இரு பருவமழையும் நனைக்கும் இந்த நாட்டில் திறந்த தீனி விரைவில் பூசணம் பூக்கும். அந்நஞ்சு மீனைக் கொல்லும். சாக்கடைச் சேற்றில் வளரும் செம்புழுவை வாங்குவதில்லை. அது நோயையும் உடன் கொணரும்.

இங்கே மற்றொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மகள் பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் மறந்துவிடுமே என்னும் அச்சத்தில், அதே ஆண்டுக் கோடை விடுமுறையில், 247 எழுத்துகளையும் குறளையும் இலக்கணத்தையும் ஒரே திங்களில் அவள்முன் கொட்டினோம். மூன்றாம் வாரம் ஏட்டை மூடிவைத்துவிட்டு, எங்களுக்கு மலையாளத்திலேயே விடை சொல்லத் தொடங்கினாள். மொழிப்பற்று இல்லாத பிள்ளை என்று நாங்கள் நொந்துகொண்டோம். கொடுப்பதிலேயே கருத்தாயிருந்தோமேயன்றி, கொள்ளும் வாயை நாங்கள் பார்க்கவில்லை. நம்மைப் போல் ஊர்விட்டு வந்த குடும்பங்களுள் இப்பிழை செய்யாதவை எத்தனையோ! இப்போது ஏடு இல்லை. மீனுக்கு ஊட்டும் பொழுதில் ஏதேனும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவோம், அவ்வளவே. பாட்டாவின் சொற்களையும் அவள் பொறுக்கிக்கொள்கிறாள்.

சென்ற ஆண்டு பள்ளத்திகள் குஞ்சு பொரித்தன. இத்தனை சிறிய வாய்க்கு எதை அரைத்து இடுவது என்று நாங்கள் கலங்கினோம். பாட்டா சிரித்து, "சும்மா பாத்துட்டு இருங்க" என்றார். பார்த்தோம். குஞ்சுகள் கூட்டமாய்த் தாயின்மேலும் தந்தையின்மேலும் மோதி மோதி விலகின. அவற்றின் உடலில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்கின்றன என்பதைப் பின்னர் நூல்களிலும் கண்டோம். பெற்றவரை ஒட்டி வாழ்வதே அவற்றுக்கு முதல் உணவாகிறது. அன்று இரவு நாங்கள் தொட்டியருகே நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

மறுநாள் காலை மகள் தீனியைக் கிள்ளியெடுத்து நின்றவள் வேலிக்கு அப்பால் பார்த்துக் கூவினாள்: "பாட்டா, இன்னிக்கு மானத்துக்கண்ணி மானத்தப் பாக்கல, என்னையப் பாக்குது!"

அவள் பேசியது முழுக்கத் தமிழ். நாங்கள் அதைச் சொல்லிப் பாராட்டவில்லை. அளவு மிகாதிருக்க வேண்டுமே!