அடுத்த முறை பார்க்கலாம்

முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தொகையைக் கண்டாலும் மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கு ஒருமுறை எப்படிப் பிழைத்துப்போயிற்று என்பதை அன்பர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

2014-ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் மகளுடன் சில மாதங்கள் தங்குவதற்காக அமெரிக்காவிலுள்ள நியூஜெர்சிக்குச் சென்றிருந்தோம். சனிக்கிழமைகளில் பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசுவரர் ஆலயத்தில் தரிசனம். திரும்பும் வழியில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடை. அங்கே எவ்வளவு நேரம் நின்று படித்தாலும் எவரும் ஏனென்று கேட்பதில்லை. நான் செய்தி இதழ்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். என் மனைவியோ தையற்கலை இதழ்கள் அடுக்கியிருக்கும் பகுதியை விட்டு அகலமாட்டாள்.

'குயில்ட்' எனப்படும் ஒட்டுத்தையல் போர்வைக்கென்றே அந்நாட்டில் பல இதழ்கள் வெளிவருகின்றன. சிறு துணித் துண்டுகளை இணைத்த மேல்விரிப்பு, நடுவே மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை. ஒரு நாள் அவள் ஓர் இதழை விரித்து என்னிடம் காட்டினாள். 'லாக் கேபின்' என்னும் பழைய அமைப்பு. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம். அதைச் சுற்றிச் சுற்றித் துணிப் பட்டைகள். ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி அடர் நிறம். நடுச் சிவப்பு வீட்டின் கணப்பைக் குறிப்பதாக அந்நாட்டார் சொல்வார்கள்.

"நடுவிலே விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இல்லையா? நம் பெட்டியில் இருக்கிற ரவிக்கைத் துணிகளை எல்லாம் இப்படித் தைத்துவிடலாங்க" என்றாள்.

நவராத்திரிக்கு நவராத்திரி வெற்றிலை பாக்குடன் வந்து சேர்ந்த துணிகள் அவை. பிறருக்கு வைத்துக் கொடுக்க மனம் வராமல், கொடுத்தவர்களின் நினைவாக அவள் எடுத்து வைத்தவை.

இதழின் விலை எட்டு டாலர் சொச்சம். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஐந்நூறு ரூபாய். "அடுத்த முறை பார்க்கலாம்" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. திரை போடுமுன் கண்குளிரப் பார்த்துவிட வேண்டும் என்று சந்நிதியில் நிற்பவளைப் போல, அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்கு வாரங்களுக்குப் பின் சென்றபோது அந்த இதழ் இல்லை. எந்தத் தேதிவரை அடுக்கில் வைக்கலாம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். தேதி கடந்தால் எடுத்துவிடுவார்கள். காசோலைக்கு மூன்று மாதமே ஆயுள் என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொன்னவன், அந்தத் தேதியைப் பார்க்கத் தவறினேன்.

சென்னை திரும்பியதும் பாண்டி பஜாரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் கடை கடையாகக் கேட்டேன். கோலப் புத்தகம் கொடுத்தார்கள்; ரவிக்கை வெட்டும் முறையைக் கற்பிக்கும் புத்தகம் கொடுத்தார்கள். நான் தேடியது கிடைக்கவில்லை.

2017-இல் சர்க்கரை நோய் அவளுடைய விழித்திரையைப் பாதித்தது. லேசர் சிகிச்சைக்குப் பின் பார்வை மேலும் குறையாமல் நின்றது. ஆயினும் சிறிய எழுத்தைப் படிக்கவோ ஊசியில் நூல் கோக்கவோ அவளால் இயலவில்லை. ஒரு நாள் பெட்டியைத் திறந்து, அந்தத் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். என் சொல்லின் கனம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐந்நூறு ரூபாயை மிச்சப்படுத்தி, அவள் கண் தெளிவாக இருந்த மூன்று ஆண்டுகளைச் செலவழித்திருந்தேன். "கொடுக்க வேண்டாம், இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

2019-இல் மீண்டும் நியூஜெர்சி சென்றபோது நேராக அந்த அடுக்கின் முன் போய் நின்றேன். லாக் கேபின் என்றும் வழக்கொழியாத அமைப்பாதலால், வேறோர் இதழில் அது இருந்தது. விலையைப் பார்க்காமல் வாங்கினேன்.

இப்போதெல்லாம் மாலையில் விளக்கேற்றிய பின் நாங்கள் இருவரும் அந்த வேலையில் அமர்கிறோம். செய்முறையைப் படித்துத் தமிழில் சொல்வதும், அளந்து வெட்டுவதும், நூல் கோத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. தைப்பது அவள். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். பட்டைக்குப் பட்டை சிறிது பிசகினாலும் சதுரம் கோணிவிடும். "இங்கே கொஞ்சம் கூட வெட்டிட்டீங்க" என்று விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். நடுச் சதுரங்கள் யாவும் அவள் தாயார் கடைசியாக வைத்துக் கொடுத்த சிவப்புத் துணியிலிருந்து வெட்டியவை. முப்பது சதுரங்களில் பதினெட்டு முடிந்திருக்கின்றன.

ஆலயத்தில் நடை சாத்தும் நேரத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நாம் விரைந்து போகிறோம். வீட்டில் நம்மோடு வாழ்பவரின் சிறிய ஆசைகளுக்கு அப்படியொரு பலகை இல்லை. ஆகவே, கேட்ட அன்றே கொடுத்துவிடுவது நல்லது.