கிடார், பேஸ், ராக்: எது நிஜம், எது டூப்பு?

1/ இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் கிடையாது. கிடார்காரங்களைப் பத்தி ஆறு தகவல் சொல்றேன். எது நிஜம், எது டூப்புன்னு மனசுக்குள்ள குறிச்சிக்கிட்டு கீழ வாங்க. கூகுள் பண்ணக் கூடாது.

2/ அ) கிடார் வாசித்தால் மார்புக்காம்பு வீங்கும்.
ஆ) செல்லோ வாசிக்கும் ஆண்களுக்கு விரைப்பையில் புண் வரும்.
இ) ராக் கலைஞர்களுக்கு 27 வயசுலதான் கண்டம்.
ஈ) மூளை ஆபரேஷன் நடக்கும்போதே ஒருவர் கிடார் வாசித்தார்.
உ) பேஸ் கிடார்காரர் வாசிக்கலைன்னாலும் யாருக்கும் தெரியாது.
ஊ) எலெக்ட்ரிக் கிடாருக்குள்ள பீங்கான் இருக்கு.

குறிச்சாச்சா? சரி, விடைக்கு வருவோம்.

3/ முதல் இரண்டும் ஒரே கதை. 1974 ஏப்ரலில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு டாக்டர் கடிதம் எழுதினார். கிடார் கற்கும் மூன்று சிறுமிகளுக்கு, கிடாரின் விளிம்பு அழுத்தி மார்புக்காம்பில் வீக்கம். அதற்கு ‘கிடார் நிப்பிள்’ என்று பெயரும் வைத்தார். தோல் ஒரே இடத்தில் உரசினால் வீங்கும், இதில் அதிசயம் ஒண்ணும் இல்லை.

4/ ஆனால் அதைப் படித்த எலைன் மர்ஃபி என்ற டாக்டருக்கு, இது யாரோ அடிச்சு விட்ட ஜோக் என்று தோன்றியது. “நாமளும் ஒண்ணு விடுவோம்” என்று ‘செல்லோ ஸ்க்ரோட்டம்’ என்ற நோயை உருவாக்கி, கணவர் ஜான் மர்ஃபி பெயரில் ஒரு குட்டிக் கடிதம் அனுப்பினார். கணவர் டாக்டரே கிடையாது. மே மாதம் ஜர்னல் அதை அப்படியே அச்சிட்டுவிட்டது!

5/ செல்லோ வாசிக்கிறவரை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அது நெஞ்சில் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிற்கும். சொன்ன இடத்தில் உரச வழியே இல்லை. ஆனால் பின்னால் வந்த கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. 2008 டிசம்பரில் அதே ஜர்னலில் மறுபடி எட்டிப் பார்த்தது.

6/ 2009 ஜனவரியில் இருவரும் “அது நாங்க விட்ட கதைதான்” என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் எலைன் மர்ஃபி பிரிட்டன் மேலவை உறுப்பினராகவே ஆகிவிட்டார். மொத்தம் 34 வருஷம்! டாக்டர்கள் படிக்கிற ஜர்னலுக்கே இந்தக் கதின்னா, நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் எம்மாத்திரம்?

7/ அடுத்து 27. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபெய்ன், எல்லாரும் 27 வயதில் போனவர்கள். ஜாதகக் கண்டம் மாதிரி இல்ல? 2011-ல் ஆய்வாளர்கள் 1,046 இசைக்கலைஞர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 27-ல் தனியாக ஒரு ஆபத்தும் இல்லை. 25-லும் 32-லும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான்.

8/ ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணு இருக்கு, அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இவர்களின் இறப்பு, பிரிட்டன் பொதுமக்களை விட 2 முதல் 3 மடங்கு அதிகம். “27 தாண்டியாச்சு, இனி கவலை இல்லை”ன்னு ஒருத்தர் நினைச்சா என்ன ஆகும்? சுவாரசியமான பொய் செய்யும் வேலை இதுதான். பக்கத்துலயே நிக்கிற உண்மையை மறைச்சிடும்.

9/ ஆபரேஷன் கதை? அக்மார்க் நிஜம். 2017, பெங்களூரு. வாசிக்கும்போது மட்டும் இடது கை விரல்கள் மடங்கிக்கொள்ளும், மற்ற வேலைக்கு ஒரு தொல்லையும் இல்லை. இதற்கு டிஸ்டோனியா என்று பெயர். விரலில் கோளாறு இல்லை, மூளை அனுப்பும் உத்தரவில் கோளாறு. எந்த இடம் என்று உறுதி செய்ய, நோயாளி விழித்திருந்து கிடார் வாசிக்க வாசிக்க, மூளைக்குள் அந்தப் புள்ளியைச் சூடு வைத்துச் சரி செய்தார்கள்.

10/ பேஸ் கிடார்காரர் பாவம், எல்லா ஜோக்கும் அவர் தலையில்தான். “போட்டோவுல ஓரமா நிக்கிறவர்” என்பார்கள். பேஸின் தடிமனான கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். உங்க போன் ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தரவே முடியாது. மேலே உள்ள துணை ஒலிகளை வைத்து, விடுபட்டதை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

11/ அதோட விடலை. 2014-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு: தாளம் ஒரு துளி பிசகினால், உச்சக் குரலை விட அடிக்குரலில்தான் மூளை அதைச் சட்டென்று பிடிக்கிறது. அதனால ராஜா பாட்டில் சசிதரனும், ரஹ்மான் பாட்டில் கீத் பீட்டர்ஸும் ‘கேட்கவே கேட்காத’ ஆட்கள் இல்லை. நீங்க தலையாட்டுறதே அவங்களால்தான்.

12/ கடைசி, எங்க ஊர் சமாச்சாரம். விருத்தாசலம்னா பீங்கான். ஃபியூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரைக்கும் இங்கே சூளையில் வேகும். கிடாருக்குள்ளயுமா? ஆமாங்க! பல எலெக்ட்ரிக் கிடார் பிக்கப்களில் இருப்பது செராமிக் காந்தம். இரும்பு ஆக்ஸைடு தூளோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்த்து, அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சுட்டெடுப்பது. எங்க ஊர் சூளை வேலையின் தூரத்துச் சொந்தம்.

13/ சிரிச்சது போதும், ஒரு நிஜம் சொல்லணும். திருவிழா மேடையில் கச்சேரி வாசிக்கிற பசங்க வருவாங்க. “சார், காதுல கொய்ங்னு சத்தம். கச்சேரிக்காரனுக்கு சகஜம்தானே, காது பழகிடும்ல?” இதுதான் எல்லாத்தையும் விட மோசமான டூப்பு. காது பழகாது. உள்காதின் நுண்மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்கே நடந்தது.

14/ கணக்கு இதுதான்: 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம்! மேடையில் நிக்கிறவங்க காதடைப்பான் போடுங்க. கேக்க வர்றவங்க ஸ்பீக்கர் முன்னாடி நிக்காதீங்க, குழந்தையைத் தோளில் தூக்கிக்கிட்டு நிக்கவே நிக்காதீங்க.

15/ கொய்ங் சத்தம் நிக்காம இருந்தா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா அது அவசரம். மூணு நாளுக்குள்ள, முடிஞ்சா அன்னைக்கே போங்க. “அடைப்புதான், எண்ணெய் விட்டா சரியாயிடும்”னு யார் சொன்னாலும் காத்திருக்காதீங்க.

உங்க ஊர் ஆர்கெஸ்ட்ரா பசங்களுக்கு இதை அனுப்புங்க. பேஸ் வாசிக்கிறவருக்கு முதல்ல.